கூடாரத்துக்குள் ஒரு சொட்டு

அந்த நான்கு தெருவிலும் வாஷருடைய முகம் தெரியாதவர்கள் நிறையப் பேர் உண்டு. முதுகு தெரியாதவர் ஒருவரும் கிடையாது. பத்தொன்பது வருடமாகச் சமையலறைத் தொட்டிகளுக்கு அடியில் தலையை நுழைத்து வேலை செய்கிற பிளம்பரை வேறு எப்படிப் பார்க்க முடியும்? அவரும் மனிதர்களை முகத்தை வைத்து அடையாளம் சொல்ல மாட்டார். "யாரு, மூணாவது மாடிக்காரரா? வெந்நீர்க் குழாய் முக்கி முக்கி வருமே, அவரா?" என்பார். சட்டைப் பையில் எப்போதும் ஏழெட்டு ரப்பர் வாஷர்கள் கிடக்கும். பேனா எடுக்கக் கையை விட்டாலும் வாஷர்தான் முதலில் வரும். பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது. சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும்.

மழை வந்தால் மற்றவர்கள் ஜன்னலைப் பார்ப்பார்கள். வாஷர் போனைப் பார்ப்பார். முதல் தூறல் விழுந்த மூன்றாவது நிமிடம் அது அலறும். பத்தொன்பது வருடத்தில் ஒரு மழையைக்கூட அவர் சும்மா உட்கார்ந்து பார்த்ததில்லை.

அப்படிப்பட்டவர் ஒருநாள் பல் டாக்டரின் கிளினிக்கில் வாய் கொப்பளிக்கிற தொட்டியைச் சரிசெய்யப் போனார். காத்திருப்பு அறையில் ஒரு பழைய பத்திரிகை கிடந்தது. புரட்டினால், இரண்டு பக்கத்துக்கு விரிந்த ஒரு படம். மழையில் நனைகிற ஒரு மலை. பாறை இடுக்கு, மர வேர், ஒற்றையடிப் பாதை, எங்கே பார்த்தாலும் தண்ணீர் இறங்கிக்கொண்டிருக்கிறது. ஓர் ஓரத்தில் முதுகுப் பை மாட்டிய இரண்டு பேர் அதன் நடுவே பல்லைக் காட்டிக்கொண்டு நடக்கிறார்கள்.

வாஷர் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். "இவ்ளோ ஒழுகுது," என்றார் வாய்விட்டு. "ஒருத்தனும் போன் பண்ணல பாரு!"

வீட்டுக்கு வரும்போது அந்தப் பக்கம் நான்காக மடிந்து பையில் இருந்தது. டாக்டரிடம் கேட்டுத்தான் கிழித்தார். டாக்டர் அப்போது ஒருவருடைய கடைவாய்க்குள் இருந்ததால் தலையை மட்டும் ஆட்டினார். எதற்கு ஆட்டினார் என்று இன்றுவரை தெரியாது.

வாஷருடைய மனைவி பஸ் டெப்போவில் டைம்கீப்பர். எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பியது, எத்தனை மணிக்கு வந்தது, தாமதமென்றால் ஏன் தாமதம் என்று பதிவேட்டில் எழுதுகிற வேலை. வீட்டிலும் அதே கண்தான். பால் பொங்க ஒரு நிமிடம் கூடினாலும் கடிகாரத்தை ஒரு பார்வை பார்ப்பார். அவருடைய தம்பி வைத்த பெயர் டைம் மேடம். டெப்போ டிரைவர்கள்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். முதுகுக்குப் பின்னால் வேறு எப்படியோ.

மேடத்துக்கு வருடத்தில் சேர்ந்தாற்போல் ஏழு நாள் லீவு. அந்த ஏழு நாளும் மேடத்தின் அக்கா வீடு என்பது மாறாத வழக்கம். அக்கா தங்கம். அக்கா புருஷன், அதாவது வாஷரின் சகலை, அதைவிடத் தங்கம். வாசலிலேயே கட்டிப்பிடித்து வரவேற்பார். கட்டிப்பிடித்த கையை எடுக்காமல் அப்படியே தோளோடு அணைத்து நேராகப் பாத்ரூமுக்குக் கூட்டிப்போவார். "சும்மா ஒரு பார்வை பாரு சகல. வேற யாரையும் நான் நம்பறதில்ல." வருடம் முழுக்க ஒழுகுவதையெல்லாம் வாளி வைத்துப் பிடித்து, வாஷருக்காகப் பத்திரமாகச் சேர்த்துவைத்திருப்பார் மனுஷன். குடும்பம் தோட்டத்தில் சிரித்துப் போட்டோ எடுக்கும். வாஷர் தொட்டிக்கு அடியில் இருப்பார்.

அதனால் அன்று மாலை, மேடம் காய் நறுக்கும்போது, வாஷர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இந்த வருஷம் மலைக்குப் போலாமா?"

"எந்த மலை?"

"மழை பெய்ற மலை."

"ஏன், பெய்யாத மலை எதுவும் மிச்சமில்லையா?"

"முதுகுல பையை மாட்டிட்டு நடக்கறோம். ராத்திரி கூடாரம் போட்டுத் தூங்கறோம். நாலு நாள், அஞ்சு நாள்."

"கடைக்கு நடக்கச் சொன்னா மூட்டு வலிக்குதுன்றீங்க!"

"அது வேலை மூட்டு வலி. லீவுல வராது."

மேடம் கையைத் துடைத்து, கண்ணாடியைப் போட்டு, படத்தை வாங்கிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு முகத்தில் எதையும் காட்டாமல் மடித்துக் கொடுத்தார். "ஈரத் துணியோட என்னால தூங்க முடியாது. அதை மட்டும் இப்பவே சொல்லிட்டேன்."

"ஒரு சொட்டு உள்ள வருமா? நான் யாரு?"

"அதையும் பாத்துடலாம். மொட்டை மாடியில கூடாரத்தைப் போடுங்க. நான் ஒரு மணி நேரம் மேல தண்ணி பீச்சறேன். உள்ள ஒரு சொட்டு விழுந்தாலும் அக்கா வீடு. விழலைன்னா மலை. அப்புறம் பேச்சு மாறக் கூடாது."

வாஷர் கையை நீட்டி சத்தியம் பண்ணினார். தண்ணீரை வெளியே நிறுத்துவதுதானே அவர் பிழைப்பே!

விஷயம் தெரிந்ததும் மேடத்தின் தம்பி ஓடிவந்தான். சலூன் வைத்திருக்கிறான், பெயர் கத்திரி. கைக்காக வந்த பெயர் என்று அவன் சொல்லிக்கொள்வான். வாய்க்காக வந்தது என்று ஊருக்குத் தெரியும். ஒரு தலையை முடிப்பதற்குள் மூன்று குடும்பக் கதை சொல்லிவிடுவான். "மாமா, என்னை விட்டுட்டுப் போனீங்க, அடுத்த தடவை உங்க மீசையில ஒரு பக்கம்தான் இருக்கும்," என்றான். சேர்த்துக்கொண்டார்கள்.

இன்னும் எதுவும் முடிவாகவில்லை என்று சொல்லிக்கொண்டே மேடம் ஒரு கோடு போட்ட நோட்டில் கால அட்டவணை போட ஆரம்பித்தார். 6.10 எழுதல். 6.25 பல். 6.40 டீ. 6.55 கூடாரம் மடித்தல். 7.15 புறப்பாடு. 9.00 ஓய்வு, நான்கு நிமிடம். கடைசிக் கட்டத்தில் 'தாமதத்துக்குக் காரணம்' என்று தலைப்பு.

"அக்கா, நாலு நிமிஷத்துல ஷூவே கழட்ட முடியாதே."

"அப்ப கழட்டாத."

ஒத்திகைக்காக மூவரும் பையில் தண்ணீர் பாட்டிலை நிரப்பிக்கொண்டு மாலையில் குடியிருப்பின் படிக்கட்டில் ஐந்து மாடி ஏறி இறங்கினார்கள். முதல் நாள் லிஃப்ட் கெட்டுவிட்டதோ என்று மற்ற வீட்டுக்காரர்கள் பயந்தார்கள். இரண்டாம் நாள் வழியில் கண்ட ஒரு குழாயை வாஷர் இறுக்கப் போக, பதினோரு நிமிடம் தாமதம். மேடம் நோட்டில் காரணம் எழுதினார். மூன்றாம் நாள் கத்திரியின் பையை நிறுத்துப் பார்த்தால் இருபத்திரண்டு கிலோ. பிரித்தார்கள். ஆறு டவல், இரண்டு கண்ணாடி, பவுடர் டப்பா.

"மலையில யாருக்குடா ஷேவிங்?"

"நாலு நாள் தாடியோட உன் புருஷன் எப்படி இருப்பார்னு நினைச்சுப் பாரு. போட்டோவுல நீதானே பக்கத்துல நிக்கணும்?"

சவரக் கத்தியும் ஒரு டவலும் மட்டும் தப்பின. வாஷரின் பையில் அடியில் கிடந்த பெரிய ஸ்பானரும் வெளியே வந்தது. "வழியில யாருக்காவது தேவைப்பட்டா..." என்று இழுத்தார். மேடம் பார்த்த பார்வையில் ஸ்பானர் தானாகவே அலமாரிக்குப் போனது.

கூடாரம் பழைய சாமான் கடையில் கிடைத்தது. மூன்று பேர் படுக்கலாம் என்று எழுதியிருந்தது. எந்த மூன்று பேர் என்று எழுதவில்லை. வாஷர் அதை ஹாலில் விரித்து, உள்ளே ஊர்ந்து போய், வெளியே கத்திரியை டார்ச் அடிக்கச் சொல்லி, வெளிச்சம் எங்கேயெல்லாம் ஊசியளவு தெரிகிறதோ அங்கேயெல்லாம் சாக்பீஸால் வட்டம் போட்டார். தையல் முழுவதும் பசை தடவினார். உச்சியில் எதிரெதிராக, உள்ளங்கை அகலத்தில், வலை போட்டு இரண்டு திறப்பு இருந்தது. "செஞ்சவன் தூக்கத்துல செஞ்சிருக்கான். மழைக்குக் கூடாரம்னு சொல்லிட்டு மண்டையில ரெண்டு ஓட்டை!" என்று தலையில் அடித்துக்கொண்டு இரண்டின் மேலும் ரப்பர்த் துண்டு வைத்து, சுற்றி சிலிக்கான் பசை போட்டு, விரலால் நீவி முடித்தார். அப்படியொரு நீவல்! தடவிப் பார்த்தால் சந்து இருந்த இடமே தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணி. மொட்டை மாடி. வாஷரும் கத்திரியும் ஒரு பிளாஸ்க் டீயோடு உள்ளே போய் ஜிப்பை இழுத்துக்கொண்டார்கள். வெளியே மேடம் ஒரு கையில் ஹோஸ் பைப், ஒரு கையில் கடிகாரம். மேலே தண்ணீர் தடதடவென்று விழுந்தது. உள்ளே ஒரு பொட்டு ஈரமில்லை. வாஷர் கைகளைத் தலைக்குப் பின்னால் கோத்துக்கொண்டு படுத்தார். கத்திரி டீயை ஊற்றி ஊதி ஊதிக் குடித்துக்கொண்டே தன் சலூனுக்கு வந்த ஒரு மாப்பிள்ளையின் கதையை ஆரம்பித்தான்.

முப்பத்திரண்டாவது நிமிடம் அவன் மூக்கு நுனியில் ஒரு சொட்டு விழுந்தது.

கத்திரி கதையை நிறுத்தினான். அதுவே பெரிய அதிசயம். இருவரும் மேலே பார்த்தார்கள். கூரையில் இன்னொரு சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில் இன்னொன்று.

"மாமா..." என்றான் குசுகுசுவென்று.

"வாயை மூடு. டவலை எடு."

"என்ன அங்க சத்தம்?" வெளியிலிருந்து மேடம்.

"ஒண்ணுமில்லக்கா! பாலைவனம் மாதிரி இருக்கு!"

அடுத்த இருபத்தெட்டு நிமிடம் அந்தக் கூடாரத்துக்குள் நடந்தது ஒரு தனிப் போர். சொட்டு தெரிந்தால் வாஷர் டவலால் ஒற்றுவார். டவலுக்கு எட்டாததைக் கத்திரி வாயைத் திறந்து பிடிப்பான். ஒன்று கண்ணில் விழுந்தது. சத்தம் போடாமல் வாங்கிக்கொண்டான் பாவம். சரியாக மூன்று மணிக்குத் தண்ணீர் நின்றது. ஜிப் திறந்தது. மேடம் தலையை நீட்டித் தரையைத் தடவினார், கூரையைத் தடவினார். ஒற்றிய கை ஒற்றிய கைதான், எல்லாம் காய்ந்திருந்தது. ஈர டவலின் மேல் கத்திரி உட்கார்ந்திருந்தான்.

"சரி," என்றார் மேடம். "மலைக்கே போலாம். அக்காகிட்ட அடுத்த ஞாயித்துக்கிழமை சொல்லிக்கறேன்."

கத்திரி துள்ளிக் குதித்ததில் ஒரு கம்பி வளைந்தது. வாஷரும் சிரித்தார். ஆனால் சிரிப்பு வாய்க்கு மேலே ஏறவில்லை.

திங்கட்கிழமை முழுக்க அந்தச் சொட்டு அவரோடேயே வந்தது. எந்தத் தையல்? எந்த மூலை? செவ்வாய்க்கிழமை ஒரு வீட்டில் வெந்நீரைப் பச்சைத் தண்ணீர்க் குழாயிலும், பச்சைத் தண்ணீரை வெந்நீர்க் குழாயிலும் மாற்றி இணைத்தார். அந்த வீட்டுக்காரர் போட்ட கூச்சல் தெருமுனை வரை கேட்டது. சாயங்காலமெல்லாம் பூதக்கண்ணாடியோடு கூடாரத்தின் மேல் தவழ்ந்தார். புதன்கிழமை சாப்பிடும்போது மேடம் கேட்டே விட்டார்.

"அதான் ஜெயிச்சாச்சே. இன்னும் என்னத்தைத் தேடறீங்க?"

வாஷர் தட்டையே பார்த்தார். மலை இருந்தது, மழை இருந்தது, போனில்லாத நாலு நாள் இருந்தது. வாயை மூடிக்கொண்டால் எல்லாம் அவருடையது. ஆனால் இருபது அடி சுவருக்குள் ஓடுகிற கசிவைக் காதை வைத்தே கண்டுபிடிக்கிற மனுஷன், தன் தலைக்கு மேலே விழுந்த சொட்டு எங்கேயிருந்து வந்தது என்று தெரியாமல் எப்படிச் சோறு சாப்பிடுவார்?

"ஒழுகுச்சு," என்றார். "நாங்க துடைச்சுட்டோம்."

மேடம் கரண்டியைக் கீழே வைத்தார். "தெரியும். தம்பி எழுந்திரிச்சப்போ கால்சட்டை பின்னாடி ஈரம்."

"அப்ப ஏன் ஒண்ணும் சொல்லல?"

"நீங்களா சொல்றீங்களான்னு பாத்தேன். மூணு நாள் லேட்." கரண்டியை மறுபடி எடுத்தார். பிறகு, "பேச்சுன்னா பேச்சு. அக்கா வீடுதான்," என்றார்.

வாஷர் தலையை ஆட்டினார். சகலை வீட்டுத் தொட்டியின் அடிப்பாகம் அவர் கண் முன்னால் வந்து நின்றது.

மேடம் பாத்திரத்தை எடுத்து வைத்துவிட்டுத் திரும்பி வந்தார். "ஆமா, எங்கேயிருந்துதான் வந்துச்சு?"

"அதானே தெரியல!"

"தெரியலைன்னா எப்படி? ஒரு வண்டி லேட்டுன்னா காரணம் எழுதாம எனக்கு அடுத்த வரி ஓடாது. ஞாயித்துக்கிழமை இன்னொரு தடவை போடுங்க. நானும் உள்ள வரேன். அக்காவுக்குப் பதில் அதுக்கப்புறம்."

ஞாயிற்றுக்கிழமை வாஷர் தன் தொழிலின் கடைசி ஆயுதத்தை எடுத்தார். ஹோஸுக்கென்று தனியாக நிரப்பிய தொட்டியில் நீலச் சாயப்பொடி. எந்தத் தொட்டி எங்கே கசிகிறது என்று பிடிக்கிற வழி அது. கலர் எங்கே தலைகாட்டுகிறதோ அங்கேதான் ஓட்டை. ஹோஸை ஒரு கம்பத்தில் கட்டிவிட்டு, நீல மழை கூடாரத்தின் மேல் கொட்ட, மூவரும் உள்ளே முட்டியை மடக்கி உட்கார்ந்தார்கள். கத்திரி சும்மா இருப்பானா? போன வாரம் பாதியில் நின்ற மாப்பிள்ளைக் கதையை எடுத்தான்.

இந்தத் தடவை இருபதே நிமிடம். வாஷர் ஒரு வெள்ளைக் காகிதத்தை நீட்டிச் சொட்டைப் பிடித்தார். மூன்று தலையும் காகிதத்தின் மேல் குனிந்தன. நீலம் இல்லை. இரண்டாவது சொட்டு. நீலம் இல்லை.

வாஷருக்கு முகம் வெளுத்துவிட்டது. "வெளிய நீலத் தண்ணி. உள்ள வெள்ளைத் தண்ணி. அப்ப இது எந்தத் தண்ணி?"

மேடம் கூரையில் விரலால் ஒரு கோடு இழுத்தார். விரல் போன வழி தெளிவாகத் தெரிந்தது. கத்திரியின் வாயைப் பார்த்தார். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு நிற்கவே இல்லை. வாஷர் கல்யாணத்துக்குப் பிறகு பார்க்காத சிரிப்பு.

"மழை நாள்ல எல்லா ஜன்னலையும் மூடிட்டு எழுபது பேரோட ஒரு பஸ் டெப்போவுக்குள்ள வரும். கண்ணாடியில உள்பக்கமா தண்ணி வழியும். டிரைவர் பேப்பரால துடைச்சுத் துடைச்சு ஓட்டிட்டு வருவான். பஸ் ஒழுகுதுன்னா அர்த்தம்? உள்ள இருக்கறவங்க மூச்சுங்க அது! இது மழையில்ல. இது உங்க மச்சான் விட்ட மூச்சு."

"நானா?" என்றான் கத்திரி. இன்னொரு சொட்டு விழுந்தது.

"நாமதான். ஆனா நீதான் அதிகம். சரி, காத்து வெளிய போற வழி எங்க வச்சிருக்கான் இதுல?"

வாஷர் மெதுவாக, ரொம்ப மெதுவாக, ஒரு விரலைத் தூக்கி உச்சியில் இருந்த இரண்டு ரப்பர்த் துண்டையும் காட்டினார்.

"அடைச்சுட்டீங்களா?"

"ஓட்டையா இருந்துச்சு," என்றார் பாவமாக.

திறந்தாக வேண்டும். பிளேடை எடுத்தார் வாஷர். வைத்தார். மறுபடி எடுத்தார். பத்தொன்பது வருடத்தில் எத்தனையோ அடைத்த கை, அடைத்ததைத் திறக்க வரவில்லை. கடைசியில் கத்திரி பையிலிருந்து தன் கத்தியை எடுத்து, நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு, ஒரு கன்னத்தை மழிக்கிற பக்குவத்தில் சிலிக்கானைச் சுற்றிச் சீவினான். வலையில் ஒரு கீறல் இல்லை. வாஷர் ஊசி போட்டுக்கொள்கிறவர் மாதிரி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

மறுபடி ஹோஸ். திறப்புகளுக்கு மேலே துணி மடிப்பு குடை மாதிரி நின்றதால் நீல மழை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இந்தத் தடவை மேடம் மட்டும் உள்ளே. "நான் படுத்துப் பாக்கறேன். நீங்க ரெண்டு பேரும் வெளிய இருங்க," என்றார். ஆண்கள் இருவரும் ஓரத்தில் நின்று காவல் காத்தார்கள். இருபது நிமிடம். நாற்பது. உள்ளேயிருந்து சத்தமே இல்லை. வாஷர் ஜிப்பை ஒரு விரல் அளவு திறந்து பார்த்தார். கூரை காய்ந்திருந்தது. மேடம் பையில் தலை வைத்து, வாயை லேசாகத் திறந்து, அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். கடிகாரம் கையிலிருந்து நழுவித் தரையில் கிடந்தது. காலை ஷிப்டும் மாலை ஷிப்டுமாக மாறி மாறி ஓடுகிற அந்தப் பெண் பகலில் தூங்கி அவர் பார்த்ததே இல்லை.  

அப்போது பார்த்து மேடத்தின் போன் அடித்தது. வாஷர் கையை உள்ளே விட்டு எடுத்தார். சகலை.

"சகல! எப்ப கிளம்பறீங்க? மேல் பாத்ரூம், கிச்சன், அப்புறம் தொட்டி வால்வு. மூணும் உனக்காகத்தான் காத்துட்டு இருக்கு. உங்க வீட்டம்மாகிட்ட குடு, அவ அக்கா கேக்கச் சொன்னா."

"அவ தூங்கறா..."

கூடாரத்துக்குள்ளிருந்து ஒரு கை நீண்டது. கண்ணை மூடியபடியே மேடம் போனை வாங்கிக் காதில் வைத்தார்.

"மாமா, இந்த வருஷம் நாங்க வரல. இல்ல மாமா, உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. எப்படிச் சொல்றது..." குரலைத் தாழ்த்தினார். "அவருக்குக் கை முன்ன மாதிரி இல்ல. ஒரு சின்னக் கூடாரம், அதை அடைக்கறேன்னு அடைச்சாரு. உள்ள சொட்டுச் சொட்டா விழுந்துச்சு. நானே கண்ணால பாத்தேன். போன வாரம் ஒரு வீட்ல வெந்நீரையும் பச்சைத் தண்ணியையும் மாத்தி விட்டுட்டாரு. உங்க வீட்டுக் குழாயில கைய வச்சாருன்னா என்ன ஆகுமோ, எனக்கே பயமா இருக்கு."

வாஷர் வாயைத் திறந்தார். கத்திரி அதைக் கையால் பொத்தினான். ஒரு வார்த்தை பொய் இல்லையே! அதுதான் கொடுமை.

போனில் சகலையின் குரல் கவலையோடு கேட்டது. "ஐயையோ. அவரை ரெஸ்ட் எடுக்கச் சொல்லு. இங்க பக்கத்துத் தெருவுல ஒரு பையன் இருக்கானாம், அவனைக் கூப்பிட்டுக்கறேன்."

வேறு ஆள்! வாஷர் கத்திரியின் கையைப் பிய்த்துக்கொண்டு கூடாரத்தின் வாசலுக்குப் பாய்ந்தார். கம்பத்து ஹோஸ் நேராக அவர் தலையில் கொட்டியது. நீலம் நெற்றியில் இறங்கி மீசை வழியாகச் சொட்ட, "அந்தப் பையன்கிட்ட சொல்லச் சொல்லு! குழாய் மரையில டேப்பை வலது பக்கமாத்தான் சுத்தணும்! வால்வுல ரெண்டு வாஷர் போடணும், ஒண்ணு போதாது!" என்று கத்தினார்.

"சொல்றேன், சொல்றேன், மலைக்குப் போயிட்டு வந்து," என்றார் மேடம், போனை அணைத்துவிட்டு. ஜிப்பை உள்ளேயிருந்து மேலே வரைக்கும் இழுத்துக்கொண்டார்.